தேதியைக் கேட்காதீர்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள்

கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேட்ட கேள்வி, "தடுப்பூசி எப்போது வரும்?" வந்த பிறகு கேட்டது, "இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தது, சரியாகச் சோதித்தார்களா?" இந்த இரண்டாவது கேள்வி இன்றும் காதில் விழுகிறது. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். தடுப்பூசிச் சோதனை காலண்டரைப் பார்த்து முடிவதில்லை. நோயாளிகளை எண்ணித்தான் முடிகிறது.

சோதனைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நிஜ ஊசி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று ஊசி போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, அவரைக் கவனிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. பிறகு காத்திருக்க வேண்டும். முன்கூட்டியே குறித்த எண்ணிக்கையில் நோய் கண்ட பிறகுதான் கணக்கைத் திறந்து பார்ப்பார்கள். நாலைந்து பேரை வைத்துப் பார்த்தால் அது மருந்தின் பலனா, தற்செயலா என்று சொல்ல முடியாது.

அந்த எண்ணிக்கை எப்போது சேரும் என்பதைப் புள்ளியியல் நிபுணர்கள் கணிக்கிறார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், அந்த ஊரில் நோய் என்ன வேகத்தில் பரவுகிறது என்பதே அடிப்படை. வேகம் மாறினால் கணிப்பும் மாறும்.

2020 மே மாதம் பிரிட்டனில் தொற்று குறைந்துகொண்டிருந்தது. நாட்டுக்கு நல்ல செய்தி, சோதனைக்குச் சங்கடம். முடிவே கிடைக்காமல் போக ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு என்றார் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஏட்ரியன் ஹில். சோதனை பிரேசிலுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் விரிந்தது. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. மாடர்னா நிறுவனம் 53 பேருக்கு நோய் வந்ததும் முதல் கணக்குப் பார்க்கத் திட்டமிட்டது. நவம்பரில் தொற்று எகிறியதால், பார்த்தபோது 95 ஆகியிருந்தது. அதில் 90 பேர் மருந்தில்லாத ஊசி போட்டவர்கள். முடிவு விரைவில் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அது அவசரம் அல்ல, ஊரில் நோய் அவ்வளவு இருந்தது.

நம் நாட்டில் என்ன நடந்தது? ஆகஸ்ட் 15க்குள் கோவாக்சின் வெளிவர வேண்டும் என்று 2020 ஜூலை 2 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கடிதம் எழுதியது. அப்போது ஒருவருக்குக்கூட சோதனை ஊசி போட்டிருக்கவில்லை. தாமதத்தைத் தவிர்க்கவே எழுதினோம் என்று பின்னர் விளக்கம் வந்தது. 2021 ஜனவரியில் அவசர அனுமதியும் கிடைத்தது. ஆனால் சுமார் 25,800 பேரிடம் நடந்த சோதனையின் இறுதிக் கணக்கு, 130 பேருக்கு நோய் கண்ட பிறகு, ஜூலையில்தான் வந்தது: ஊசி போட்டவர்களில் 24, போடாதவர்களில் 106.

அரசாங்க அலுவலகத்தில் காலம் கழித்தவன் நான். "இந்தத் தேதிக்குள் முடிக்கவும்" என்ற சுற்றறிக்கைக்கு குமாஸ்தா கட்டுப்படுவான். வைரஸ் சுற்றறிக்கை படிப்பதில்லை.

ஒற்றைத் தேதியைச் சொன்னால், தள்ளிப்போனால் "மறைக்கிறார்கள்" என்போம், முந்தினால் "அவசரப்பட்டார்கள்" என்போம். இரண்டிலும் நஷ்டம் நம்பிக்கைக்குத்தான். ஆகவே சொல்பவர்கள் "இந்த மாதத்திலிருந்து அந்த மாதத்துக்குள், இத்தனை பேர் எண்ணிக்கை சேர்ந்தால்" என்று சொல்லட்டும். அடுத்த முறை ஒரு புதிய மருந்து பற்றிப் பத்திரிகையில் படிக்கும்போது நாமும் "எப்போது?" என்பதோடு நிறுத்தாமல், "எத்தனை பேரில் எத்தனை?" என்று கேட்போம்.