வீங்கிய காலுக்கு எண்ணெய் வேண்டாம்

போர்டிக்சன் வட்டாரத்தில் ஒருவருக்கு மூளையில் கட்டி என்று தெரிந்துவிட்டால் குடும்பத்தின் பயமெல்லாம் தலையைச் சுற்றியே இருக்கும். மண்டையைத் திறப்பார்களாமே, பேச்சு திரும்புமா, கைகால் விளங்குமா? ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, ஆளை லுக்குட்டுக்கோ சிலியாவுக்கோ சுவா பெத்தோங்குக்கோ கூட்டிவந்து சேர்த்துவிட்டால் கண்டம் தாண்டிவிட்டது என்று நிம்மதி. சாமிக்கு நேர்ந்ததைச் செலுத்தக்கூட நாள் பார்த்துவிடுவார்கள். அந்த நாட்களில்தான் காலைக் கவனிக்க வேண்டும் என்பதை யாரும் அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை.

கெண்டைக்காலிலும் தொடையிலும் ஆழத்தில் ஓடும் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து கட்டியாவதுண்டு. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மேலே ஏறி நுரையீரல் குழாயை அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். எந்தப் பெரிய அறுவைக்குப் பிறகும் இது நேரக்கூடும். ஆனால் மூளைக்கட்டிக்காரர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய வகைக் கட்டி வந்தவர்களில் 100 பேருக்கு 20 முதல் 30 பேர் நோய்க்காலத்தில் என்றாவது ஒரு நாள் இந்த உறைவைச் சந்திக்கிறார்கள். புற்றல்லாத மூளையுறைக் கட்டியை எடுத்த பிறகும் இது வருகிறது.

ஏன் இவர்களுக்கு மட்டும் இத்தனை? ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஷோ 1856-லேயே விடையின் பெரும்பகுதியைத் தொட்டுவிட்டார். இரத்த ஓட்டம் தேங்குவது, குழாயின் சுவர் புண்படுவது, இரத்தமே உறையத் துடிக்கும் நிலைக்கு மாறுவது ஆகியவையே உறைவின் வேர் என்பது அவர் வழிவந்த பாடம். மூளை அறுவையில் இவை ஒன்றுசேர்கின்றன. பல மணி நேரம் அசையாமல் மேசையில் கிடக்க வேண்டும். கட்டியால் ஒரு பக்கக் கால் வலுவிழந்திருக்கலாம். மூளை வீக்கத்துக்குத் தரும் ஸ்டீராய்டு இன்னொரு பாரம். எல்லாவற்றுக்கும் மேலாக, மூளைத் திசுவிலேயே இரத்தத்தை உறையவைக்கும் சரக்கு நிறைய இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஆர்மண்ட் குவிக் 1935-இல் இரத்தம் உறையும் நேரத்தை அளக்க ஒரு சோதனையைக் கொண்டுவந்தார். இன்றும் ஆய்வுக்கூடங்களில் நடப்பது அதன் வாரிசுதான். அந்தச் சோதனையில் இரத்தத்தை உறையவைக்க அவர் சேர்த்தது முயல் மூளையின் சாறு. மண்டைக்குள் கத்தி படும்போது என்ன நடக்கும் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி" என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். ஆசியர்களுக்குக் காலில் இரத்தம் உறைவது அபூர்வம் என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. அதை உடைத்தவர்களில் மலேசியர்களும் உண்டு. தில்லான், அஸ்காண்டர், துரைசாமி ஆகிய மூன்று மருத்துவர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், முன்தடுப்பு எதுவும் இல்லாமல் இடுப்பு, முழங்கால் அறுவை செய்துகொண்ட 88 பேரைச் சோதித்தார்கள். 62.5 விழுக்காட்டினருக்குக் காலில் உறைவு இருந்தது. அது எலும்பு அறுவைதான், மூளை அல்ல. ஆனாலும் நம் உடம்பு வேறு என்ற சாக்கு அன்றோடு செல்லாக்காசானது.

தடுக்க வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியைக் கேட்டதும் குடும்பம் திகைக்கும். மூளையை அறுத்துத் தைத்த ஆளுக்கு இரத்தம் இளக்கும் ஊசியா? உள்ளே கசிந்தால் என்ன ஆவது? நியாயமான கேள்விதான். மருத்துவர்களும் இதே கேள்வியோடுதான் வெகுகாலம் ஊசியை எடுக்கத் தயங்கினார்கள். இத்தாலியில் ஆஞெல்லி குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு அந்தத் தயக்கத்தைக் குறைத்தது. திட்டமிட்ட நரம்பியல் அறுவை செய்துகொண்ட சுமார் 300 பேரில் ஒரு பாதிக்கு இறுக்கமான காலுறை மட்டும். மறுபாதிக்குக் காலுறையோடு, அறுவை முடிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, தினம் 40 மில்லிகிராம் இனாக்ஸாபாரின் ஊசி. காலுறை மட்டும் போட்டவர்களில் 32 விழுக்காட்டினருக்கு உறைவு வந்தது. ஊசியும் போட்டவர்களில் அது 17 விழுக்காடு. பெரிய இரத்தக் கசிவோ இரு பக்கமும் 3 விழுக்காடுதான். அதற்காக எல்லாருக்கும் ஊசி என்று சட்டம் போட முடியாது. ஸ்கேனைப் பார்த்து, கசிவு நின்றுவிட்டதா என்று உறுதிசெய்து, எப்போது தொடங்குவது என்று முடிவெடுப்பது அறுவை மருத்துவரின் வேலை. அப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டதா என்று கேட்பது குடும்பத்தின் உரிமை.

வயிற்றுக் கொழுப்பைக் கிள்ளிப் பிடித்து ஏற்றும் சிறிய ஊசி அது. போட்ட இடத்தில் சின்னதாக நீலம் பாயும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஊசியைத் தர முடியாத நாட்களில் காலில் ஒரு காற்றுப் பட்டையைக் கட்டுவார்கள். அது தானாக உப்பிக் கெண்டைக்காலைப் பிழிந்து, பிறகு தளரும். பக்கவாத நோயாளிகளிடம் பிரிட்டனில் நடத்தி 2013-இல் வெளிவந்த பெரிய சோதனையில் இந்தப் பட்டை பலன் தந்தது. தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டால் பலன் இல்லை. வார்டில் உடன் இருப்பவர்கள் பாசத்தில் செய்யும் தவறு இது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இனாக்ஸாபாரின் பன்றிக் குடலிலிருந்து எடுத்த பொருளில் செய்தது. நம் நாட்டில் இது பலருக்கு மனத்தை உறுத்தும் விஷயம். ஃபோண்டாபாரினக்ஸ் என்று முழுக்கச் செயற்கையான மருந்தும் இருக்கிறது. ஒத்துவருமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். சொல்லாமல் ஊசியை மறுப்பதுதான் ஆபத்து.

மாத்திரைகளில் ஒன்று வார்ஃபரின். இந்த மருந்து தோட்டத்துக்குப் புதிதல்ல, பெயர்தான் புதிது. கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் நில்லாமல் செத்ததை ஆராய்ந்து, அமெரிக்காவின் விஸ்கான்சினில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் உருவானது இது. 1948-இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. மனிதருக்கு மருந்தாக 1954-இல் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே அதிபர் ஐசனோவர் மாரடைப்புக்குப் பிறகு அதைச் சாப்பிட்டார். செம்பனை மரத்தடியில் எலிக்கு வைத்த கட்டிகளிலும் வெகுகாலம் இதுவே இருந்தது. எலிகள் அதற்குப் பழகிப்போன பிறகு கடுமையான மருந்துகள் வந்தன. மரங்களிடையே ஆந்தைக் கூண்டுகளும் வைக்கப்பட்டன. ஆகவே "எலி மருந்தையா கொடுக்கிறார்கள்?" என்று யாராவது கேட்டால் ஆமாம் என்றே சொல்லலாம். அளவுதான் விஷயம். அந்த அளவைச் சரிபார்க்கத்தான் அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள். ஒரு வாரம் முருங்கைக்கீரையை அள்ளித் தின்று மறுவாரம் தொடாமல் இருந்தால் அளவு தடுமாறும். கீரையை அடியோடு விடச் சொல்லவில்லை, எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். பக்கத்து வீட்டார் தரும் ஜாமுவுக்கு மட்டும் இடம் கொடுக்கக்கூடாது.

உறைவா கசிவா என்று இரு பக்கமும் இடிக்கும் இந்தச் சிக்கலுக்கு உலகறிந்த உதாரணம் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ். 2017 செப்டம்பரில் சிசேரியன் முடிந்த மறுநாள் அவருக்கு மூச்சு முட்டியது. முன்பே நுரையீரலில் உறைவு வந்தவர் என்பதால் இன்னதென்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஸ்கேன் எடுங்கள், இரத்தம் இளக்கும் ஹெப்பரின் போடுங்கள் என்றார். வலி மருந்தின் மயக்கத்தில் குழம்பிப் பேசுகிறாரோ என்று நர்ஸ் நினைத்தாராம். கடைசியில் ஸ்கேனில் நுரையீரலுக்குள் சின்னச் சின்ன உறைவுகள் தெரிந்தன. அவருக்கு வயிற்றுக்குள் இரத்தக் கசிவும் ஏற்பட்டு மீண்டும் அறுவை தேவைப்பட்டது. பணமும் புகழும் உள்ள ஒருவரே இவ்வளவு வற்புறுத்த வேண்டியிருந்தது.

சிலியாவிலோ லிங்கியிலோ இருக்கும் ஓர் அம்மா யாரிடம் வற்புறுத்துவார்? முன்பு தோட்டத்தில் டிரஸ்ஸர் இருந்தார். பெரிய படிப்பு இல்லாவிட்டாலும் வீங்கிய காலைப் பார்த்துச் சீட்டு எழுதி அனுப்புவார். இன்று லயங்கள் காலியாகி, ஜனங்கள் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மூளை அறுவை தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனையில், அடுத்த பரிசோதனைக்கு ஆறு வாரம் கழித்துத் தேதி. இடையில் கால் வீங்கினால் "நீர் கோத்திருக்கு, வாய்வு" என்பார்கள். எண்ணெய் காய்ச்சிச் சூடு பறக்க நீவிவிடுவார்கள். ஆழத்தில் உறைந்து கிடக்கும் கட்டியைக் கிளப்பிவிட இதைவிட மோசமான காரியம் கிடையாது.

மருத்துவமனையிலிருந்து கையில் வரும் தாள் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. அதில் மருந்தின் பெயர் இருக்கும், தேதி இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றே வா என்று பெரிய எழுத்தில், தமிழில் அரைப் பக்கம் இருந்தால் போதும். சுகாதார அமைச்சுக்கு இது பெரிய செலவு இல்லை. கோயில் நிர்வாகங்களும் அரசு சாரா அமைப்புகளும் இலவச மருத்துவ முகாமில் சீனியும் இரத்த அழுத்தமும் பார்ப்பதோடு நிற்காமல் இதையும் பேசலாம். அக்டோபர் 13, ஃபிர்ஷோவின் பிறந்த நாள், உலக இரத்த உறைவு தினமாகவே இருக்கிறது.

அந்தத் தமிழ்த் தாள் வரும்வரை வீட்டில் ஒரு தையல் நாடா போதும். முழங்காலுக்குக் கீழே எலும்பு மேடாகத் தட்டுப்படும் இடத்திலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி, இரண்டு கெண்டைக்கால்களையும் சுற்றி அளக்க வேண்டும். ஒன்று மற்றதைவிட 3 சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருந்தால் மருத்துவர்கள் அதைச் சந்தேகக் குறியாகவே எடுக்கிறார்கள். வீக்கம் குறைவாக இருந்தாலும் ஒரு காலில் மட்டும் வலியோ சூடோ சிவப்போ தெரிந்தால் போர்டிக்சன் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், இருமலில் இரத்தம் வந்தால் 999-ஐ அழைக்க வேண்டும். அங்கே சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் "மூச்சு விட முடியவில்லை, மூளையில் ஆபரேஷன் ஆகி இத்தனை வாரம் ஆகிறது" என்பதுதான்.