சிவப்பு மட்டும் போதாது

பைத்தான் மொழியில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதப் பழகும் மாணவர்கள் சில வாரங்களில் ஒரு கேள்விக்கு வந்து சேர்வார்கள்: “திரையில் வரும் எழுத்துக்கு எப்படி நிறம் கொடுப்பது?” கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தையே பார்த்துப் பார்த்துச் சலித்துப் போகிறது. சரியான விடைக்குப் பச்சை, தவறான விடைக்குச் சிவப்பு என்று சேர்த்ததும் வினாடி வினா நிரல் உயிர் பெற்றதுபோல் தெரிகிறது. இந்த ஆர்வம் வரவேற்கத்தக்கது. நிறம் வேண்டாம் என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் நிறத்தை எடுத்துவிட்டால் பொருளும் போய்விடுகிற நிரலை, எழுதி முடித்த நிரலாக ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை அறிவியல் வழியில் பார்ப்போம்.

எண்ணாகப் போகும் நிறம்

டெர்மினல் என்பது படமும் பொத்தானும் இல்லாமல் எழுத்துகளை மட்டும் காட்டும் சாளரம். நிரல் அதற்கு அனுப்புவதும் எழுத்துகளைத்தான். அப்படியென்றால் நிறம் எப்படிப் போகிறது? அதுவும் எழுத்தாகவே போகிறது. ‘எஸ்கேப்’ என்று ஒரு குறி உண்டு. ஆஸ்கி அட்டவணையில் அதன் எண் 27. அந்தக் குறி, அடுத்து ஒரு சதுர அடைப்புக்குறி, அடுத்து 31 என்ற எண், கடைசியில் ‘எம்’ என்ற சிறிய ஆங்கில எழுத்து. இந்த வரிசை வந்தால் டெர்மினல் அதைத் திரையில் காட்டாது. “இனி வரும் எழுத்துகள் சிவப்பு” என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும். 31க்குப் பதிலாக 32 என்றால் பச்சை, 33 என்றால் மஞ்சள், 34 என்றால் நீலம். 0 என்று அனுப்பினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

30 முதல் 37 வரை மொத்தம் 8 நிறங்கள். ஏன் எட்டு? சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளையும் தனித்தனியே ஏற்றலாம், அல்லது அணைக்கலாம். 2 × 2 × 2 = 8. பின்னாளில் இது 256 நிறங்களாக வளர்ந்தது. இன்றைய டெர்மினல்கள் பலவற்றில் 16,777,216 நிறங்கள் வரை கேட்டுப் பெறலாம்.

இந்தக் கட்டளைகளுக்கான ‘ஈ.சி.எம்.ஏ.-48’ என்ற தரநிலையின் முதல் பதிப்பு 1976-இல் வெளிவந்தது. இத்தகைய கட்டளைகளைப் பரவலாக்கிய கருவி, டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட ‘வி.டி.100’. வேடிக்கை என்னவென்றால், அந்தத் திரைக்கு ஒரே நிறம்தான். தடித்த எழுத்து, அடிக்கோடு, மினுக்கல், எழுத்தையும் பின்னணியையும் மாற்றிக் காட்டுதல் ஆகியவற்றைக் கொண்டே அன்றைய நிரலாளர்கள் வேலையை முடித்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 31 என்ற எண்ணை மட்டுமே நிரல் அனுப்புகிறது. அது எந்தச் சிவப்பு என்பதை முடிவு செய்வது பயனரின் டெர்மினல். பின்னணி கறுப்பா வெள்ளையா என்பதும் அவர் விருப்பம். ஆகவே, நாம் எழுதும்போது பார்க்கும் நிறத்தைத்தான் மற்றவரும் பார்ப்பார் என்று நினைப்பது தவறு.

மஞ்சள் மறைந்துபோகும், நீலம் இருண்டுபோகும்

நம் கண் எல்லா நிறங்களையும் ஒரே அளவு பிரகாசமாக உணர்வதில்லை. திரையில் வெள்ளை ஒளி தெரியும்போது, அந்தப் பிரகாசத்தில் ஏறக்குறைய 72 விழுக்காடு பச்சையிலிருந்தும், 21 விழுக்காடு சிவப்பிலிருந்தும், வெறும் 7 விழுக்காடு நீலத்திலிருந்தும் வருகிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடலாம். கறுப்பின்மேல் வெள்ளை என்றால் 21. கறுப்பின்மேல் தூய பச்சை ஏறக்குறைய 15. கறுப்பின்மேல் தூய நீலமோ 2.4 மட்டுமே. வெள்ளைப் பின்னணியில் தூய மஞ்சள் 1.07, அதாவது கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரியாது. சாதாரண எழுத்துக்கு இந்த விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்கிறது இணைய உள்ளடக்கத்துக்கான அனைத்துலக வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. கட்டளைச் சாளரத்தின் பழைய கரு நீலம் இன்றைய திரைகளில் படிக்கக் கடினமாக இருந்ததால், மைக்ரோசாப்ட் 2017-இல் அந்த நிறத் தொகுப்பையே மாற்றி அமைத்தது. பெரிய நிறுவனமே திருத்த வேண்டி வந்த சிக்கல் இது.

எல்லாக் கண்களும் ஒன்றல்ல

நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு உயிரணுக்கள் மூன்று வகை. அவற்றில் இரண்டு வகைகள் மிக நெருங்கியவை. ஒன்று ஏறக்குறைய 530 நானோமீட்டர் அலைநீள ஒளிக்கும், இன்னொன்று ஏறக்குறைய 560 நானோமீட்டர் ஒளிக்கும் அதிகமாக வினைபுரிகின்றன. இவற்றுள் ஒன்று இல்லாவிட்டாலோ மாறி இருந்தாலோ, சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரியான பழுப்பு, மஞ்சள் சாயல்களாகத் தெரியக்கூடும். இந்த இரு வகைக்கும் உரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆண்களுக்கு ஒரே ஒரு எக்ஸ் என்பதால், அதில் குறை இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை. அதனால்தான் இந்தக் குறைபாடு ஆண்களிடம் அதிகம். அணுக் கொள்கைக்காக நாம் பாடத்தில் படிக்கும் ஜான் டால்டனுக்கும் இக்குறை இருந்தது. 1794-இல் அதைப் பற்றி அவரே ஆய்வுரை வழங்கினார்.

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு-பச்சைக் குறைபாடு உண்டு. ஆசியர்களிடம் இது சற்றுக் குறைவு. 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள்: 400 ஆண் மாணவர்கள் படிக்கும் ஓர் இடைநிலைப்பள்ளியில் 20 பேர். அவர்களில் சிலருக்குத் தமக்கு இந்தக் குறை இருப்பதே தெரியாமல் இருக்கலாம். சரிக்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு என்று மட்டும் காட்டும் வினாடி வினா நிரலை அவர்கள் முன் வைத்தால், எது சரி, எது தவறு என்று அவர்கள் எப்படி அறிவார்கள்?

கேஎல் சென்ட்ரல் வரைபடம் சொல்லும் பாடம்

இதற்கான தீர்வு நம் கண்ணெதிரே இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ரயில் வரைபடத்தைப் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸில் உள்ள கேஎல் சென்ட்ரலைச் சுற்றிப் பல தடங்கள் சந்திக்கின்றன. கிள்ளான் வழியாகப் போர்ட் கிள்ளான் செல்லும் கே.டி.எம். தடம் சிவப்பு, கிளானா ஜெயா எல்.ஆர்.டி. தடம் சிவப்புக்கு நெருங்கிய நிறம். மோனோரயில் இளம்பச்சை, அருகிலுள்ள மூசியம் நெகாராவில் நிற்கும் காஜாங் எம்.ஆர்.டி. தடமோ பச்சை. நிறத்தை மட்டும் நம்பினால் நல்ல பார்வை உள்ளவரே குழம்பக்கூடும். அதனால்தான் ஒவ்வொரு தடத்துக்கும் ஓர் எண்ணும் தரப்பட்டிருக்கிறது. போர்ட் கிள்ளான் 2, கிளானா ஜெயா 5, மோனோரயில் 8, காஜாங் 9. தடத்துக்குப் பெயரும் உண்டு. நிறம் கண்ணை விரைவாக இழுக்கிறது. எண்ணும் பெயரும் ஐயத்தைத் தீர்க்கின்றன. சாலை விளக்கிலும் இதே ஏற்பாடுதான்: சிவப்பு மேலே, பச்சை கீழே. நிறம் தெரியாதவரும் இடத்தை வைத்து அறிந்துகொள்கிறார்.

அதே பிரிக்பீல்ட்ஸின் நடைபாதைகளில் மஞ்சள் நிறத்தில் புடைத்த ஓடுகள் பதிக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்குதான் இயங்குகிறது. ஓரளவு பார்வை உள்ளவருக்கு மஞ்சள் நிறம் வழிகாட்டுகிறது; பார்வையே இல்லாதவருக்கு ஓட்டின் புடைப்பு வழிகாட்டுகிறது. நிறம் மட்டும் பூசியிருந்தால் அந்தப் பாதையால் என்ன பயன்?

கணினியிலும் இப்படித்தான். பார்வையற்றவர்கள் திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றுள் ஒன்றான இலவச மென்பொருள் ‘என்.வி.டி.ஏ.’, பார்வையற்றவரான ஆஸ்திரேலிய நிரலாளர் மைக்கேல் கரன் 2006-இல் அதைத் தொடங்கினார். படமும் பொத்தானும் நிறைந்த செயலிகளைவிட, எழுத்து மட்டும் வரும் டெர்மினல் அவர்களுக்கு இயல்பாகவே வசதியாக இருக்க வேண்டிய இடம். ஆனால் திரைவாசிப்பான் சொற்களைத்தான் வாசிக்கும். எழுத்து சிவப்பா பச்சையா என்று வழக்கமாகச் சொல்லாது. செய்தியை நிறத்தில் மட்டும் ஒளித்து வைத்தால், அவர்களுக்கு உகந்த இடத்திலும் நாமே தடை போடுகிறோம்.

ஒரு நூலகப் பட்டியல்

கிள்ளானில் ஒரு பள்ளி நூலகத்துக்காக நீங்கள் ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இருக்கும் நூல்களின் பெயர் பச்சையிலும், தவணை கடந்தும் திரும்பாத நூல்களின் பெயர் சிவப்பிலும் வருகின்றன. திரையில் அழகாகத்தான் இருக்கிறது. நூலகப் பொறுப்பாசிரியர் அந்தப் பட்டியலைக் கோப்பாகச் சேமித்துக் கறுப்பு-வெள்ளை அச்சுப்பொறியில் எடுக்கிறார். எல்லாப் பெயர்களும் ஒரே கறுப்பு. போதாக்குறைக்கு, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அடைப்புக்குறியும் 31, 32 என்ற எண்களும் குப்பையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கட்டளையைப் புரிந்துகொள்ள டெர்மினல் அங்கே இல்லையே!

இப்போது பெயருக்குப் பக்கத்தில் ‘இருக்கிறது’, ‘தாமதம் 5 நாள்’ என்று எழுதி, அந்தச் சொல்லுக்கு மட்டும் நிறம் கொடுங்கள். நிறம் தெரிந்தவர் சிவப்பை விரைவில் கண்டுபிடிப்பார். தெரியாதவர் வாசித்து அறிவார். அச்சிட்டாலும் செய்தி நிலைக்கும். கூடுதலாக எழுத வேண்டியது ஒரே ஒரு சொல்.

அனுபவம் மிக்க நிரலாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள். நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் ‘கிட்’, நீக்கிய வரியைச் சிவப்பிலும் சேர்த்த வரியைப் பச்சையிலும் காட்டுகிறது. ஆனால் வரியின் தொடக்கத்தில் கழித்தல் குறியும் கூட்டல் குறியும் இருக்கும். 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13 பிழைச் செய்திகளை நிறத்தோடு காட்டுகிறது. நிறத்தை நிறுத்தினாலும் கோப்பின் பெயர், வரி எண், பிழையின் வகை ஆகிய அனைத்தும் சொற்களாகவும் எண்களாகவும் அப்படியே இருக்கின்றன.

“அப்படியானால் நிறமே வேண்டாமே!”

சிலர் இப்படிக் கேட்கலாம். அதை நான் ஏற்கவில்லை. நூறு வரிகளுக்கு நடுவே உள்ள ஒரு சிவப்பு வரியைக் கண் நொடியில் பிடித்துவிடும். வாசித்துத் தேடினால் நேரமாகும். இந்த வசதியைப் பெரும்பாலோரிடமிருந்து பறிக்கத் தேவையில்லை. ஆனால் எல்லா வரிக்கும் ஒரு நிறம் பூசினால் எதுவும் தனித்துத் தெரியாது. மூன்று நான்கு நிறங்கள் போதும்.

“என் நிரலை நான் மட்டும்தானே பயன்படுத்துகிறேன்?” என்பது இன்னொரு வாதம். நல்ல நிரல் எழுதியவரிடமே தங்குவதில்லை. நண்பர் கேட்பார், தம்பி தங்கை கேட்பார்கள், ஆசிரியர் வகுப்பில் காட்டச் சொல்வார். பழக்கமும் அப்படித்தான், படிவம் 3-இல் பழகியது வேலைக்குப் போன பிறகும் கூடவே வரும்.

செய்ய வேண்டியவை சில. நிறத்தோடு ஒரு சொல்லோ குறியோ எண்ணோ எப்போதும் இருக்கட்டும். சிவப்பு-பச்சை இணைக்குப் பதில் நீலம்-ஆரஞ்சு இணையை எண்ணிப் பாருங்கள். அந்த நீலம் வெளிர் நீலமா என்று கறுப்புத் திரையில் சோதியுங்கள். வெள்ளைப் பின்னணியிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா கோப்புக்குப் போகிறதா என்று நிரலே சோதிக்க முடியும். பைத்தானில் அதற்கு ‘ஈஸ்-ஏ-டி.டி.ஒய்.’ என்ற செயற்கூறு இருக்கிறது. கோப்புக்கு என்றால் நிறக் குறிகளை விட்டுவிடுங்கள். நிறம் வேண்டாம் என்று பயனர் தம் கணினியில் ஒருமுறை சொல்லி வைக்க ‘நோ கலர்’ என்ற சூழல் மாறி 2017 முதல் பழக்கத்தில் இருக்கிறது. அது அமைக்கப்பட்டிருந்தால் உங்கள் நிரலும் அதை மதிக்கட்டும்.

கணினிப் பாட ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் செயல்திட்டத்தை மதிப்பிடும்போது, நிறத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் புரிகிற நிரலுக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. வகுப்பில் உள்ள அந்த ஒரு மாணவர், “எனக்கு நிறம் தெரியவில்லை” என்று எழுந்து சொல்ல வேண்டிய நிலையே அதனால் இல்லாமல் போகும்.