ஆடாமல் விட்ட ஆட்டம்

சென்ற வாரம் நம்முடைய வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று, "ஸார், தேசங்களுக்குள் சண்டை என்றால் விளையாட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள், பாவம்? அவர்களை ஏன் போகக்கூடாது என்று தடுக்கிறார்கள்?" என்று கேட்டான். நல்ல வேளையாக மணி அடித்தது, தப்பித்துக்கொண்டோம். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரையில் நம்மைத் தொடர்ந்து வந்துவிட்டது.

பண்டைக் கிரேக்கர்கள் ஒலிம்பியா விழாவுக்கு முன்னால் ஊர் ஊராகத் தூதர்களை அனுப்பி, விழாவுக்குச் செல்வோரை வழியில் யாரும் துன்புறுத்தலாகாது என்று அறிவிப்பார்களாம். அன்று யுத்தம் விளையாட்டுக்கு வழி விட்டது. நாகரிகம் முற்றிய இருபதாம் நூற்றாண்டிலோ, விளையாட்டு யுத்தத்துக்கு வழி விட வேண்டியதாயிற்று. 1916-ல் பெர்லினில் நடக்கவேண்டிய ஒலிம்பிக் பந்தயம் நடக்கவில்லை. 1940-ஆம் வருஷத்துப் பந்தயத்தை ஏற்றிருந்த டோக்கியோ, ஜப்பான் சீனாவுடன் தொடுத்த யுத்தத்தினால் 1938-ல் அதைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக ஏற்றுக்கொண்ட ஹெல்ஸிங்கியிலும் நடத்த முடியவில்லை. 1944-ல் லண்டன் பந்தயத்துக்கும் அதே கதிதான். குண்டு விழும் காலத்தில் ஓட்டப் பந்தயம் நடவாது. இதில் வாதத்துக்கு இடமில்லை.

ஆனால் மைதானம் தயாராக இருக்கும்போது, சர்க்கார் குறுக்கே நின்று "போகாதே" என்று சொல்வது வேறு விஷயம். ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து, 1980-ல் அமெரிக்காவும் வேறு பல தேசங்களும் மாஸ்கோ ஒலிம்பிக் பந்தயத்துக்குப் போகவில்லை. 1984-ல் சோவியத் ரஷ்யாவும் அதன் தோழர்களும் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானத்தை விட்டு வெளியேறியதோ 1989-ல்தான்! அமெரிக்கா 1980-ல் அந்தத் தேசத்துக்குத் தானியம் விற்பதையும் நிறுத்தி வைத்தது. 1981-லேயே அந்தத் தடையை நீக்கிவிட்டது. வியாபாரிக்குச் சந்தை திரும்பக் கிடைத்தது. ஓட்டக்காரனுக்கு 1980 திரும்பக் கிடைக்கவில்லை.

அப்படியானால் விளையாட மறுப்பது எப்போதுமே தவறுதானா? இங்கேதான் நம் தேசத்தின் கதை ஒன்றைப் பையன்களுக்குச் சொல்லவேண்டும்.

1974-ல் இந்தியா டேவிஸ் கோப்பை டென்னிஸில் இறுதிப் பந்தயம் வரையில் முன்னேறியது. கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை எதிர்த்து நடந்த இரட்டையர் ஆட்டத்தில், சென்னையைச் சேர்ந்த ஆனந்த், விஜய் அமிர்தராஜ் சகோதரர்கள் 99 கேம்கள் ஆடி ஜயித்தார்கள். தம்பிக்கு அப்போது வயது 20; அண்ணனுக்கு 22. பிறகு புனாவில் சோவியத் ரஷ்யாவும் தோற்றது. கோப்பைக்கும் நமக்கும் நடுவே எஞ்சி நின்றது ஒரே தேசம், தென்னாப்பிரிக்கா. அதனோடு இந்தியா ஆட மறுத்தது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று.

இதற்கும் மாஸ்கோ விவகாரத்துக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு உண்டு என்பது நமது அபிப்பிராயம்.

முதலாவது, தென்னாப்பிரிக்காவில் அநீதி மைதானத்துக்கு வெளியே மட்டும் இல்லை, மைதானத்துக்குள்ளேயே இருந்தது. நிறத்தைப் பார்த்து மனிதர்களைப் பிரித்த சட்டம் விளையாட்டையும் பிரித்தது. அமெரிக்காவின் சிறந்த டென்னிஸ் வீரரான ஆர்தர் ஆஷ் கறுப்பினத்தவர். 1970-ல் அங்கே பந்தயத்துக்கு வர அவருக்கு விஸா மறுத்தார்கள். யாவரும் சமம் என்பதுதான் விளையாட்டின் முதல் விதி. அந்த விதியையே மீறியவர்களோடு ஆட மறுப்பது, விளையாட்டைக் காப்பாற்றுவதற்கே அல்லவா?

இரண்டாவது, தியாகத்தை விளையாட்டுக்காரனிடம் மட்டும் கேட்கவில்லை. சுதந்திரம் வருவதற்கு முன்பே, 1946-ல், இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வியாபாரத்தை நிறுத்தியது. அதே வருஷம் ஐக்கிய நாடுகள் சபையில் வழக்கையும் எழுப்பியது. தேசம் முதலில் தன் கையை நஷ்டப்படுத்திக்கொண்டு, இருபத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகுதான் அந்த இரு வாலிபர்களின் கையிலிருந்த மட்டையைக் கீழே வைக்கச் சொல்லிற்று.

அதனால் அவர்களுடைய நஷ்டம் குறைந்துவிடவில்லை. இந்தியா மறுபடியும் இறுதிப் பந்தயத்தை எட்டியது 1987-ல். அப்போதும் அதே சகோதரர்கள் ஆடினார்கள். ஸ்வீடன் ஐந்து ஆட்டங்களையும் ஜயித்தது. டேவிஸ் கோப்பை இன்றுவரை நமக்குக் கிடைக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் கொடுமை விளையாட்டு மறுப்பினால் மட்டும் ஒழிந்துவிடவில்லை. சிறை சென்றவர்களும் உயிர் கொடுத்தவர்களும் எத்தனையோ பேர். ஆயினும் அந்தச் சட்டங்கள் தளர்ந்து, அத்தேசத்துக் கிரிக்கெட் கோஷ்டி மறுபடி சர்வதேசப் பந்தயத்தில் இறங்கிய முதல் நாள், 1991 நவம்பர் 10, எங்கே ஆடினார்கள் தெரியுமா? அமிர்தராஜ் சகோதரர்கள் 99 கேம்கள் ஆடிய அதே கல்கத்தாவில்தான். கதவைச் சாத்தியவர்களே திறந்தும் வைத்தார்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் இதைச் சொல்லப்போகிறோம். "அப்படியானால் 1974-ல் நாம் தோற்றோமா, ஸார்?" என்று அந்தப் பையன் நிச்சயம் கேட்பான். கோப்பையைத் தோற்றோம் என்று ஒப்புக்கொள்வோம். அதற்குமேல் அவனே யோசிக்கட்டும்.