கம்ப்யூட்டரில் ஒரு கோதுமை வயல்



கோடை விடுமுறை வந்தால் இந்தப் பகுதிக்கு வடாம், மாவடு, வேர்க்குரு பற்றித்தான் வழக்கமாகக் கடிதங்கள் வரும். இந்த முறை தி. நகர் சகோதரி ஒருவர் வேறொன்று கேட்டிருக்கிறார். "பத்து வயதுப் பையன். சாப்பிடக் கூப்பிட்டால், 'இரும்மா, என் பயிர் போயிடும்' என்கிறான். எங்கள் ஃபிளாட்டில் துளசி வைக்கக்கூட இடம் கிடையாது. இவனுக்கு ஏது பயிர்? டாப்லெட்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்னதான் செய்வது?"

அந்தப் பயிர் எதுவென்று எனக்குத் தெரியும். அடையாறில் இருக்கும் என் பேரனும் அதைத்தான் வைத்திருக்கிறான். மயிலாப்பூரிலிருந்து போய் அவன் பக்கத்தில் பத்து நாள் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். பையனோடு சண்டை போடுவதற்கு முன்னால், ஒரே ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். காய்கறி நறுக்கி, விதை எடுத்து, பத்தியம் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஆட்டம் ஒன்றும் கஷ்டமில்லை.

ஆட்டத்தின் பெயர் மைன்கிராஃப்ட். ஸ்வீடன் தேசத்தில் மோஜாங் என்கிற கம்பெனி செய்து 2011-ல் முழுசாக வெளியிட்டது. 2014-ல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. உலகமே சதுரம் சதுரமான கட்டிகளால் ஆனது. மண்ணும் சதுரம், மாடும் சதுரம்! 'சர்வைவல்' என்று ஒரு வகை ஆட்டம் உண்டு. கையில் ஒன்றுமில்லாமல் காட்டில் விட்டுவிடுவார்கள். பசிக்கும், இருட்டும், பேய் பிசாசு வரும். பிழைத்துக் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். பணம் வைத்து ஆடும் சமாசாரம் இல்லை இது. அந்த வகை ஆட்டங்களைத் தடுக்க 2025-ல் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் இதிலும் உடை, அலங்காரம் விற்கிற கடை உண்டு. உங்கள் கார்டு நம்பரை மட்டும் அதில் பதிந்து வைக்காதீர்கள்.

முதல் நாள் செய்ய வேண்டியது பொறுக்குவது. ஆட்டத்தில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் இருபது நிமிஷம். அதில் பத்து நிமிஷம் நல்ல பகல். மீதி அந்தி, இரவு, விடியல். இந்தப் பத்து நிமிஷத்துக்குள் மரத்தைத் தட்டி விறகு சேர்க்க வேண்டும். பலகை மூன்று, ஆட்டு ரோமம் மூன்று இருந்தால் படுக்கை ஆச்சு. போகிற வழியில் புல்லைத் தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். சுமாராக எட்டுப் புல்லுக்கு ஒன்றில் கோதுமை விதை விழும். புதிதாக ஆடுகிறவர்கள் அதை விட்டுவிட்டு வைரம் தேடிக் குழிக்குள் இறங்கிவிடுகிறார்கள். வைரத்தைச் சாப்பிட முடியுமா? திரையின் கீழே பசிக்கு அடையாளமாகப் பத்துக் கோழிக்கால் படம் இருக்கிறது. (சைவக்காரர்கள் முகம் சுளிக்க வேண்டாம், படம்தான்.) ஓடினாலும் குதித்தாலும் அது குறையும். நிறைந்திருந்தால் பட்ட காயம் தானே ஆறும். மூன்றுக்கு இறங்கினால் ஓட முடியாது. ஒன்றுமே இல்லாமல் போனால் உயிரே தேய ஆரம்பிக்கும்.

ஆகவே சாப்பாடு. ஓக் மரத்து இலையிலிருந்து எப்போதாவது ஆப்பிள் விழும். குளிர்க் காட்டில் செம்பழப் புதர் உண்டு. பழம் நல்லது, புதருக்குள் நடந்தால் முள் குத்தும். பச்சைக் கோழி வயிற்றைக் கெடுக்கும். பிசாசு விட்டுப்போகும் அழுகல் மாமிசம், சொல்லவே வேண்டாம், பசியை இன்னும் அதிகமாக்கும். ரொட்டி, சுட்ட உருளைக்கிழங்கு, காரட், பீட்ரூட் என்று கடைசிவரை சைவமாகவே காலம் தள்ளலாம். என் பேரன் அப்படித்தான் ஆடுகிறான். வீட்டில் காரட் பொரியலைத் தட்டில் ஒதுக்குகிற அதே பையன்!

இனி பயிர். புதியவர்கள் ஆற்றங்கரையில் பாத்தி போடுவது உத்தமம். வாளி செய்ய இரும்பு தேட வேண்டியதில்லை. தண்ணீரிலிருந்து நாலு கட்டம் வரை மண்ணில் ஈரம் பாயும். வாளி கிடைத்த பிறகு நடுவில் ஒரே ஒரு கட்டம் தண்ணீர் விட்டு, சுற்றி ஒன்பதுக்கு ஒன்பது பாத்தி கட்டினால் எண்பது கட்டம் விதைக்கலாம். நம் கோலத்தில் நடுப்புள்ளி வைத்து இழுக்கிற மாதிரிதான். ராத்திரியும் வளர வேண்டுமானால் பக்கத்தில் தீப்பந்தம் நட வேண்டும். வேலியும் வேண்டும். உழுத மண்ணில் யாராவது குதித்தால் அது பழையபடி கட்டாந்தரையாகி விதை வெளியே வந்துவிடும். பேரனின் தங்கை குதித்துக் குதித்து ஒரு பாத்தியையே காலி செய்து, வீட்டில் அன்று ஒரே ரகளை.

கதிர் பொன்னிறமாகப் பழுத்த பிறகே அறுக்க வேண்டும். அவசரப்பட்டால் போட்ட விதை ஒன்றுதான் திரும்பக் கிடைக்கும். மூன்று கோதுமைக்கு ஒரு ரொட்டி. அறுத்த கையோடு அதே இடத்தில் விதைத்துவிட வேண்டும். காரட்டும் உருளையும் கிராமத்து வயல்களில் இருக்கும். அவற்றில் காயே விதை. எல்லாவற்றையும் தின்றுவிட்டால் நடுவதற்கு மிஞ்சாது. உருளை தோண்டும்போது சில சமயம் பச்சை பூத்த விஷக்கிழங்கு ஒன்றும் வரும். இதை ஆட்டக்காரர்கள் சும்மா கற்பனையில் வைக்கவில்லை. நம் சமையலறையில் வெளிச்சம் பட்டுப் பச்சையேறிய உருளைக்கிழங்கில் சோலனின் என்கிற விஷம் சேருகிறது. வேக வைத்தாலும் அது போகாது. "பாட்டி, இது விஷக்கிழங்கு" என்று கூடையிலிருந்து ஒன்றை என் பேரன் பொறுக்கி எடுத்தபோது, நானும் அதைக் குப்பையில்தான் போட்டேன்.

சரி, கூப்பிட்டால் ஏன் எழுந்து வருவதில்லை? சகோதரி கேட்ட கேள்வி இதுதானே. யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அந்தப் பயிர் வளரும். விட்டுவிட்டு வெகுதூரம் போனால் அப்படியே நின்றுவிடும். நல்ல ஈரமும் வெளிச்சமும் இருந்தாலும் விளைய அரை மணி போல ஆகும். அதைவிட முக்கியம், நாலு பேர் சேர்ந்து ஆன்லைனில் ஆடும்போது ஆட்டத்தை நிறுத்தி வைக்கவே முடியாது. நாம் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினால் அங்கே அவன் ஆள் நடுக்காட்டில் நிற்பான், பிசாசு அடித்துப் போட்டுவிடும். சேர்த்த சாமான் எல்லாம் தரையில் சிதறும். ஐந்து நிமிஷத்தில் எடுக்காவிட்டால் மாயமாகிவிடும். "அம்மா கூப்டறா பாட்டி, ஆனா இப்ப எழுந்தா செத்துடுவேன்!" என்று அவன் சொன்னது திமிர் இல்லை, அந்த ஆட்டத்தில் அது நிஜம்.

அதனால் மணிக்கணக்கில் பேசாதீர்கள். அவன் கணக்கில் பேசுங்கள். "இன்னும் இரண்டு நாள், அப்புறம் சாப்பாடு" என்றால் நாற்பது நிமிஷம். இரண்டாம் நாள் சாயங்காலம் வந்ததும், "வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்து" என்று ஒரு குரல். கதவைச் சாத்திப் படுக்கையில் படுத்துவிட்டால் விட்டு வருவதில் நஷ்டம் இல்லை. என் பெண் இப்படிச் சொல்ல ஆரம்பித்த பிறகு அந்த வீட்டில் கத்தல் பெருமளவு குறைந்திருக்கிறது. ஒவ்வொரு நாள் முடிவிலும், அதாவது இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை, பால்கனிக்கு வந்து எதிர்வீட்டு வேப்பமரத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கட்டும். கண்ணுக்கு அந்த ஓய்வு வேண்டும். வெளியில் வெயில் வெளிச்சத்தில் விளையாடுகிற குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்பதும் ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம். கைக்குழந்தை வைத்திருக்கிற சின்னப் பெண்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அண்ணன் ஆடுகிறானே என்று மடியில் வைத்து வேடிக்கை காட்டாதீர்கள்.

ஆன்லைன் என்றால் யாரோடு என்பதையும் கேட்டு வையுங்கள். ஊர் பேர் தெரியாதவர்கள் நுழைகிற பொது சர்வரை விட, தெரிந்த குழந்தைகள் நாலைந்து பேர் மட்டும் சேர்கிற தனி உலகம் எவ்வளவோ மேல். எங்கள் வீட்டில் கலிபோர்னியாவில் இருக்கும் மாமா பிள்ளையோடு கூட்டு விவசாயம் நடக்கிறது. இங்கே ஞாயிறு காலை ஏழு மணி என்றால் கோடையில் அங்கே சனிக்கிழமை மாலை ஆறரை. முன்பின் தெரியாத யாராவது பெயர், பள்ளிக்கூடம், தெரு கேட்டால் பதில் சொல்லாமல் உன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். குழந்தைக்கென்று தனிக் கணக்கு திறந்தால், மற்றவரோடு ஆடுவதையும் அரட்டையையும் பெற்றவர்களே கட்டுப்படுத்தலாம்.

இனி நான் எழுதப் போவதை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். ஆட்டத்தில் விஷம் தின்றால் ஒரு வாளி பால் குடித்தால் போதும், உடனே சரியாகிவிடும்! செத்தாலும் படுக்கையிலிருந்து மறுபடி எழுந்து வரலாம். இதையே பார்த்துப் பழகிய குழந்தை மயிலாப்பூர் மாட வீதியில் நடந்து வருகிறது. பிள்ளையார் சதுர்த்தி சமயம் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோமே குன்றிமணி, அதை மென்று விழுங்கினால் கொடிய விஷம். பூஜைக்குப் பத்திரம் என்று வாங்குகிற கட்டில் ஊமத்தை, எருக்கு, அரளி எல்லாம் இருக்கும். மஞ்சள் அரளிக் கொட்டை உயிரையே வாங்கும். காலி மனைகளில் நிற்கிற காட்டாமணக்கின் கொட்டையைக் கடலை என்று தின்றுவிட்டுக் குழந்தைகள் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்கு வருவது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிறது. அப்படி ஏதாவது ஆனால் பால் கொடுக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள், அல்லது பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தின்றதில் மீதி இருக்கிற கொட்டையையோ இலையையோ கையோடு கொண்டுபோங்கள், டாக்டருக்கு அது பெரிய உதவி. "பால் குடிச்சா சரியாயிடும் என்பது ஆட்டத்தில் மட்டும்" என்று இன்றைக்கே குழந்தையிடம் சொல்லிவிடுங்கள்.

அதற்காகப் பச்சையைக் கண்டாலே பயப்பட வேண்டும் என்று அர்த்தமில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு நம் பேட்டைச் சுவரோரங்களில் மூக்கிரட்டை படரும், தரையோடு தரையாகப் பருப்புக்கீரை வரும், வேலியில் முடக்கத்தான் ஏறும். முந்தின தலைமுறை இவற்றைப் பறித்துத்தான் சமைத்தது. குழந்தைக்கு ஒரு தடவைக்கு ஒரு செடி காட்டுங்கள். இலை, தண்டு, பூ மூன்றும் பார்த்துச் சொல்லத் தெரிந்த பிறகு அடுத்த செடி. ஆனால் நடைபாதையிலும் அடையாற்றங்கரையிலும் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்திலும் இருப்பதைக் கண்ணால் பார்ப்பதோடு சரி, சமையலுக்கு வேண்டாம். சாக்கடைத் தண்ணீரும் வண்டிப் புகையும் நாய் அசிங்கமும் பட்ட இலை அது.

சமையலுக்கு வேண்டியதை வீட்டிலேயே விதைக்கலாம். 2013-14-ல் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கான பை, விதை, உரம் எல்லாம் மானிய விலையில் கொடுத்தது. அந்தப் பைகள் பல மாடிகளில் இன்னும் சும்மா கிடக்கும், தேடிப் பாருங்கள். துளசிக்கு இடமில்லாத தி. நகர் ஃபிளாட்டிலும் வெயில் விழுகிற ஜன்னல் ஒன்று இருக்குமே, ஒரு பழைய பிளாஸ்டிக் டப் போதும். அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மண்புழு உரமும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நிரப்புங்கள். முதல் பயிர் அஞ்சறைப்பெட்டி வெந்தயம். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் தூவினால் இரண்டு மூன்று நாளில் முளை தலை காட்டும், இரண்டு வாரத்தில் இளங்கீரையாகப் பறிக்கலாம். அக்னி நட்சத்திர வெயிலில் மட்டும் ஒரு பழைய வேஷ்டியை நிழலாகக் கட்டுங்கள். "அரை மணியில் வரலையே பாட்டி" என்று பையன் அலுத்துக்கொள்வான்தான். தினம் காலையில் ஸ்கேல் வைத்து அளந்து காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது அரைக்கீரை. விதை பொடிசு என்பதால் மணலோடு கலந்து தூவ வேண்டும். தண்ணீரைக் கையால் தெளிக்க வேண்டும், குவளையால் கொட்டினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். எலும்புத்தூள் போட்டால் ஆட்டத்தில் செடி கண்ணெதிரே வளரும். இங்கே மண்ணில் கரைய மாசக்கணக்காகும், கீரைக்கு அது தேவையே இல்லை. நாலு வாரத்தில் சாண் உயரம் வரும். வேரோடு பிடுங்காமல் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மறுபடி தழையும். ஒரு டப்பில் ஒரு கைப்பிடிக்கு மேல் வராது. பாசிப்பருப்போடு மசித்து, சீரகம் தாளித்தால் ஒரு குழந்தையின் தட்டுக்குச் சரியாக இருக்கும்.