மாத்திரையை விழுங்கச் சொன்ன விளையாட்டு

"எந்நேரமும் கேம்தானா? வச்சிடு அதை!" இதைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் யார்? நோயில் கிடக்கும் பிள்ளையிடமும் நம் வீடுகளில் இதையேதான் சொல்கிறார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2019இல் என் மாமா மகனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. அப்போது அவன் படிவம் இரண்டு. அந்தச் சொல்லை வீட்டில் யாரும் அவன் காதுபட உச்சரிக்கவில்லை. "இரத்தத்துல கொஞ்சம் கோளாறு, சாமி" என்பார் பாட்டி. மருத்துவமனையில் இருந்தவரை தாதியர் பார்த்துக்கொண்டார்கள். வீடு திரும்பிய சில மாதங்களில் முடி முளைத்தது. அவனும் பந்து விளையாடக் கிளம்பிவிட்டான். தினமும் விழுங்க வேண்டிய கீமோதெரபி மாத்திரைகளோ பூச்சாடி மண்ணுக்குள் போயின. அத்தை செடி மாற்றி நட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. "எனக்குத்தான் சரியாயிடுச்சே!" என்றான். நோய் போனதுபோல் தெரிந்தாலும் உடலில் ஒளிந்திருக்கும் புற்றணுக்களை அழிக்கத்தான் அந்த மாத்திரை, அதுவும் ஆண்டுக்கணக்கில். வீட்டில் ஒருவரும் அவனுக்கு இதை விளக்கவில்லை. ஆனால் மொபைல் லெஜண்ட்ஸில் எந்த வீரனின் ஆற்றல் எத்தனை வினாடியில் திரும்பும் என்று கேளுங்கள், மனப்பாடமாகச் சொல்வான்!

பிள்ளைகளின் இந்தத் திறமையை நம்பி உருவானதுதான் 'ரி-மிஷன்'. அமெரிக்காவின் ஹோப்லேப் அமைப்பு 2006இல் வெளியிட்டது. ராக்ஸி என்னும் நுண்ணிய இயந்திரப் பெண் நோயாளியின் உடலுக்குள் பறந்து புற்றணுக்களையும் கிருமிகளையும் சுட்டு வீழ்த்துவாள். கீமோதெரபி, கதிர்வீச்சு, ஆண்டிபயோட்டிக் ஆகியவையே அவளுடைய ஆயுதங்கள்.

இதைச் சோதித்த ஆய்வு 2008இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ ஏட்டில் வந்தது. மூன்று நாடுகள், 34 மருத்துவ நிலையங்கள், 13 முதல் 29 வயது வரையிலான 375 நோயாளிகள். ஒரு பிரிவுக்குச் சாதாரண இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டு மட்டும்; மறுபிரிவுக்கு அதோடு ரி-மிஷனும். ஆண்டிபயோட்டிக் உட்கொள்பவர்களின் புட்டி மூடியில் கருவி பொருத்திக் கணக்கெடுத்தார்கள். (பூச்சாடி தந்திரம் அங்கேயும் இருந்திருக்கும் போலும்!) கொடுத்த மருந்தில் ரி-மிஷன் பிரிவினர் 62.3 விழுக்காடும் மற்றவர்கள் 52.5 விழுக்காடும் எடுத்திருந்தனர்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இந்த விளையாட்டு நோயாளிகளின் மன அழுத்தத்தைக் குறைக்கவில்லை என்கிறது அதே ஆய்வு. கூடியவை, நோயைப் பற்றிய அறிவும் சமாளிக்கலாம் என்ற தன்னம்பிக்கையும்தான். ஆக, வலியை மறக்கடிக்கும் பொம்மையாக இதை எண்ணுவது தவறு. பெரியவர்கள் சொல்லத் தயங்குவதை அது சொல்லிற்று. நாமோ அன்பின் பெயரால் மறைக்கிறோம். "பாட்டி ஏன் சமையலறையில போய் அழுவுறாங்க?" என்று அவன் ஒருநாள் என்னிடம் கேட்டான். நானும் பேச்சை மாற்றினேன்.

நம் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயிலும் தமிழ் மாணவர்கள் எத்தனை பேர்! இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடி அலைபவர்களும் நமக்குத் தெரியும். மருத்துவ மாணவர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்தில் அமரும் பாட்டிக்கும் புரிகிற தமிழில் ஒரு சிறு விளையாட்டைச் செய்து பார்க்கலாமே? சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமானால் என் மாமா மகனைக் கேட்கிறேன். சிகிச்சை முடிந்து நலமாக இருக்கிறான். குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன்.