பிரித்துப் பார்க்கும் உரிமை

மூன்று ஆண்டுகள் உழைத்த பிரஷர் வாஷர் ஒன்று சென்ற மாதம் நம் வீட்டில் படுத்துவிட்டது. விசையை விட்ட பிறகும் மோட்டார் சில விநாடிகளுக்கு ஒருமுறை உறுமி ஓய்ந்தது. அடியில் ஈரம் கட்டியது. நீர் திக்கித் திக்கிப் பீய்ச்சியது. சேவை மையத்தில் கிடைத்த விடை சுருக்கமானது. பம்பைப் பிரிப்பதில்லை, முழுத் தொகுதியாகத்தான் மாற்றவேண்டும், அதன் விலை புது இயந்திரத்தின் விலையில் பாதிக்கு மேல். "பேசாம புதுசே வாங்கிக்கலாமேங்க" என்று அங்கிருந்த இளைஞர் கனிவோடுதான் சொன்னார். அவர்மேல் நமக்குக் குறையில்லை. ஆனால் பம்பைப் பிரிக்க முடியாது என்ற வாக்கியம் கோயம்புத்தூரில் வைத்துச் சொல்லப்பட்டதே என்பதுதான் வீடு திரும்பும்வரை உறுத்திக்கொண்டிருந்தது.

இந்த ஊர் பிரித்துப் பார்த்தே வளர்ந்த ஊர். கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, வேலை செய்து சேர்த்த 300 ரூபாய்க்கு அதை வாங்கி, ஓட்டிப் பார்த்ததோடு நில்லாமல் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிய கதையை இங்கே சிறுபிள்ளைகளும் அறிவார்கள். 1926இல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் தொடங்கியது. 1932இல் பைகாரா மின்சாரம் வந்தது. 1937இல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். மழை குறைந்த, கிணறு ஆழ்ந்த இந்த மண்ணில் நீரை மேலே ஏற்றுவதுதான் வாழ்வே. ஆகவே ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் பெருகியதில் வியப்பில்லை.

அதற்கு முன்பு கவலை இருந்தது. மாடுகள் சரிவில் இறங்கச் சால் மேலே வரும். தோல்தும்பி வழியாக நீர் வாய்க்காலில் விழும். தோல் கிழிந்தால் தைப்பார்கள், வடம் நைந்தால் முறுக்குவார்கள். எந்தப் பகுதியும் யார் கண்ணுக்கும் மறைந்திருக்கவில்லை. இதைச் சொல்லும்போது பழையதெல்லாம் பொன் என்று பாட நாம் வரவில்லை. தோல் தைத்துக் கொடுத்த அருந்ததியரை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திய ஊர்தான் இது. நீர் கிடைக்கக் காரணமான கை வேண்டும், அந்தக் கைக்கு உரியவர் வேண்டாம் என்றிருந்த காலம் அது. பழுது நீக்குகிறவரை இரண்டாம்பட்சமாகப் பார்க்கும் நம் வழக்கத்துக்கு அதில் ஒரு வேர் இருக்கிறதோ என்ற ஐயம் நமக்கு உண்டு.

பிறகு வந்த மின்பம்பிலும் கதை அதிகம் மாறவில்லை. தண்டு சுழலும் இடத்தில் நீர் ஒழுகாதிருக்கக் கிளாண்டு கயிற்றைச் சுற்றி இறுக்குவார்கள். முழுதாக இறுக்கிவிடக் கூடாது. சொட்டுச் சொட்டாய்க் கொஞ்சம் கசியவேண்டும், இல்லாவிட்டால் கயிறு சூடேறிக் கருகித் தண்டையும் அறுத்துவிடும். எவ்வளவு கசியலாம் என்பதைத் தோட்டக்காரர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். ஃபுட்வால்வு நீரைப் பிடிக்காவிட்டால் சாணியைக் கரைத்து ஊற்றி மோட்டாரைப் போடுவார். பள்ளிக்கூடத்துக்குப் போகாத பலருக்கும் இந்தப் படிப்பு இருந்தது. பம்பு திறந்து கிடந்தது என்பதே அதற்குக் காரணம்.

நிற்க. நம் பிரஷர் வாஷருக்கு வருவோம். மின்செருகியைப் பிடுங்கி, குழாயை மூடி, அழுத்தம் தீரும்வரை விசையைப் பிடித்திருந்த பின்பே திருப்புளியைக் கையில் எடுத்தோம் (இந்த வரிசையை மாற்றுகிறவர் மேற்கொண்டு படிக்க வேண்டாம்). வெளிக்கூட்டின் திருகுகள் நட்சத்திரத் தலை கொண்டவை. சாதாரண வீட்டில் இல்லாத கருவி வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம் போலும். பம்பின் தலையை நான்கு போல்ட்டுகள் பிடித்திருந்தன. உள்ளே ஸ்பிரிங்குகள் தள்ளிக்கொண்டிருப்பதால், மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும்.

திறந்து பார்த்தால் மாயம் ஏதுமில்லை. சாய்வான தட்டு ஒன்று சுழல்கிறது. அதற்கு ஈடாக மூன்று பிஸ்டன்கள் முறைவைத்து ஏறி இறங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் நீரை உள்வாங்க ஒரு வால்வு, வெளியே தள்ள ஒரு வால்வு, ஆக ஆறு. பிஸ்டனைச் சுற்றி நீர்ப்பக்கம் ஒரு சீல், எண்ணெய்ப்பக்கம் ஒரு சீல். வால்வுகளில் இரண்டு, வெள்ளைப் பொருக்கு படிந்து ஒழுங்காக மூடாமல் நின்றன. சிறுவாணி நீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் வண்டி கழுவுகிற ஊரில் இது எதிர்பார்க்கவேண்டியதே. எலுமிச்சைச் சாற்றில் ஓர் இரவு ஊறவைத்ததும் பொருக்கு உதிர்ந்துவிட்டது. நீர்ச்சீல்களில் ஒன்றன் உதடு கிழிந்திருந்தது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்ததற்கு இந்தக் கிழிசல்தான் காரணம். நீர் உள்ளே புகுந்திருக்கிறது.

ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை நடத்தும் பெரியவர் ஒருவரிடம் அதை எடுத்துப் போனோம். வெர்னியரை வைத்து உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுத்தார். "ஏனுங்க, இந்த ரப்பருக்குப் போயி முழு மிசினையும் மாத்தச் சொன்னாங்களாக்கும்?" என்றார். அளவு சொன்னால் சீல் தரும் கடைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. மூன்று சீல்களுக்கும் சேர்த்து நாம் கொடுத்தது, நாலு பேர் உட்கார்ந்து சிற்றுண்டி சாப்பிட ஆகும் பணம்கூட இல்லை. உதடு நீரழுத்தம் வரும் பக்கம் பார்க்கவேண்டும் என்பதைப் பெரியவர் இரண்டுமுறை சொன்னார். கண்ட கிரீஸையும் தடவக்கூடாது, சில ரப்பர்கள் உப்பிவிடும், சிலிக்கான் கிரீஸ்தான் சரி என்பதையும் சேர்த்துச் சொன்னார். சொன்னதற்குக் காசு வாங்கவில்லை. (வாங்கியிருக்கவேண்டும் என்பது நம் கட்சி. அறிவை இலவசமாகப் பெற்றுக்கொண்டு பொருளுக்கு மட்டும் பணம் கொடுத்தே பட்டறைகளை நாம் மெலியவைத்திருக்கிறோம்.)

உற்பத்தியாளர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. 100 பார் அழுத்தம் என்பது ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் நிற்கும் நீரின் அழுத்தம். அப்படிப் பாயும் நீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஊசிக்குத்துப் போலத் தெரியும் காயத்துக்கு அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம். ஆகவே வெடித்த ஹோஸில் டேப் சுற்றுவதையோ, மோட்டாரின் மின்காப்பில் கைவைப்பதையோ நாம் பரிந்துரைக்கமாட்டோம். ஆனால் ஆபத்து என்பது சீலை விற்காமலிருக்கக் காரணமாகுமா? பாகங்களின் படத்தை வெளியிடாமலிருக்க? வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் இதே வேலையைச் செய்யும் பெரிய பிளஞ்சர் பம்புகளை ஆண்டுக்கணக்காகப் பிரித்துப் பூட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? வீட்டுக்கு வந்த சிறிய பம்பு மட்டும் ஏன் முத்திரையிட்ட பெட்டியாகிவிட்டது?

பிரான்சில் 2021இல் கொண்டுவந்த பழுதுநீக்க மதிப்பெண் முறை, 2022 நவம்பரில் பிரஷர் வாஷர்களுக்கும் விரிந்தது. கையேடு கிடைக்கிறதா, எளிதில் பிரிக்கமுடிகிறதா, உதிரிப்பாகம் கிடைக்கிறதா, என்ன விலை என்பதற்கெல்லாம் பத்துக்கு இத்தனை என்று காட்டவேண்டும். இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியது. கைபேசி, மின்னணுப் பொருள்களுக்கான மதிப்பெண் பற்றி இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. நல்லதுதான். எனினும், நாட்டுக்கே பம்பு செய்து கொடுக்கும் ஊரிலிருந்து பம்பைப் பற்றி ஒரு குரல் முதலில் எழுந்திருக்கவேண்டாமா? தில்லி சொல்லும்வரை காத்திருக்காமல், தாம் விற்கும் ஒவ்வொரு பம்புக்கும் சீல் அளவைக் கையேட்டில் அச்சிடுவோம் என்று இங்குள்ள தொழிலகங்கள் நாளைக்கே அறிவிக்கலாம். ஒரு வரி போதும், மூன்று எண்கள்.

பூட்டியபின் முனையைக் கழற்றிவைத்துக் காற்று முழுதும் வெளியேறும்வரை நீரை ஓடவிட்டோம். பிறகு விசையை விட்டால் மோட்டார் ஓய்கிறது, உறுமுவதில்லை. அடியில் காகிதத்தை விரித்து வைத்துப் பார்த்தோம்; காலையிலும் காய்ந்தே இருந்தது. பட்டறைப் பெரியவர் கிழிந்த பழைய சீலைத் திருப்பித் தரவில்லை. இதே மாதிரி இன்னொருத்தர் வருவாருங்க என்று சொல்லி, ஆணியில் தொங்கிய ஒரு கம்பி வளையத்தில் கோத்துக்கொண்டார். அந்த வளையத்தில் அதற்கு முன்பே நாற்பது ஐம்பது சீல்கள் இருந்தன.