‘அடுக்களை’ என்னும் சொல்லுக்குச் சட்டம் தர வேண்டிய பொருள்: போனக்காட்டு லயங்களை முன்வைத்து

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போனக்காட்டுக்கு மலையேறி வரும் வெளியூரார் பெரும்பாலும் இரு வகையினர். ஒரு சாரார் அகத்தியர்கூடத்துக்கு நடந்து ஏறுவோர். மற்றொரு சாரார் தேயிலைத் தோட்டத்தின் கைவிடப்பட்ட பழைய பங்களாவைப் படம்பிடிக்க வருவோர். அதைப் ‘பேய் பங்களா’ என்று காட்டும் காணொலிகளுக்கு இணையத்தில் குறைவில்லை. ஆளில்லாத வீட்டில் யாரோ நடமாடுவதாகக் கதை சொல்லப்படும் அதே மலையில், ஆட்கள் வாழ்ந்துகொண்டிருக்கும் லயங்கள் கேமராவின் கண்ணுக்கு அவ்வளவாகப் படுவதில்லை. தோட்டம் நலிந்து ஆண்டுகள் பல ஆகின்றன. தொழிற்சாலை சிதைந்து நிற்கிறது. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பங்களில் பல, நிலுவைக் கூலிக்கும் பணிக்கொடைக்கும் காத்துக்கொண்டு ஒழுகும் கூரைகளின் கீழ் வாழ்ந்து வருகின்றன.

லயங்களைச் செப்பனிடுவது குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம் கூரை பேசப்படுகிறது, சுவர் பேசப்படுகிறது, கழிப்பறையும் பேசப்படுகிறது. அடுக்களை பேசப்படுவதில்லை. வீட்டின் பிற பகுதிகள் சீராகிவிட்டால் அடுக்களை தானே சீராகிவிடும் என்னும் எண்ணம் இதன் பின்னால் இருக்கக்கூடும். இவ்வெண்ணம் தவறானது. அடுக்களையைத் தனியே எடுத்துப் பேசவேண்டிய சட்டத் தேவையும் இப்போது தோன்றியுள்ளது.

இதே மாவட்டத்தின் தலைநகரில் சமையலறையைப் புதுப்பிப்பது நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமான செலவுகளுள் ஒன்றாகிவிட்டது. மரநிற அலமாரிகள், அவற்றினிடையே கருநிற அடுப்பு, கருநிறப் புகைபோக்கி, கருநிறக் குளிர்பதனப் பெட்டி என்பது இன்றைய விருப்பம். மரத்தின் பழுப்பு கருமையின் கடுமையைத் தணிக்கும். பளபளப்பான கருமையில் விரல்தடம் தெரியும் என்பதால் மங்கல் பூச்சு நல்லது. கருநிறப் பரப்புகள் ஒளியை விழுங்கும் என்பதால் சுவர் வெளுப்பாக இருக்கவேண்டும் என்றெல்லாம் உள் அலங்கார வல்லுநர்கள் சொல்வர். மழையும் ஈரமும் மிகுந்த கேரளத்தில் துகள்பலகை ஈரம்பட்டு உப்பிவிடும், ஆகவே ஐ.எஸ். 710 தரமுள்ள ஒட்டுப்பலகையோ, பழைய வழக்கப்படி ஆஞ்சிலி, பலா, தேக்கு மரங்களோ வேண்டும் என்பர். இவை அனைத்தும் பயனுள்ள அறிவுரைகளே.

ஆயினும் இவ்வறிவுரைகள் ஒவ்வொன்றும் சொல்லாமல் சில முன்நிபந்தனைகளைக் கொண்டுள்ளன. துளையிட்டால் கேள்வி கேட்க ஆளில்லாத சுவர் வேண்டும். நிலத்தொடர்பு உள்ள, மின்சுமை தாங்கும் 16 ஆம்பியர் இணைப்பு வேண்டும். புகை வெளியேற வழி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று அடிக்கும் அலமாரியைப் பத்தாண்டுகள் கழித்தும் தானே திறந்து மூடப்போகிறோம் என்னும் உறுதி வேண்டும். லயத்தில் இருப்பவருக்கு முதல் மூன்றையும் எவ்வாறேனும் தேடிக்கொள்ள இயலலாம். நான்காவது அவர் கையில் இல்லை. மரம் வாங்கும் காசு இருந்தும் அடுக்களையை மாற்றத் துணியாத குடும்பம் ஒன்று இருந்தால் அதன் தயக்கத்துக்குக் காரணம் இதுவே.

லயத்து அடுக்களையிலும் மரமும் கருமையும் உண்டு. சட்டிக்கு மேலே தொங்கும் பரண் மரத்தால் ஆனது. கவாத்து செய்த தேயிலைக் குச்சிகளும் காய்ந்த கிளைகளும் அடுப்பருகே அடுக்கப்பட்டிருக்கும். பல்லாண்டுப் புகை படிந்து பரணும் சுவரும் கூரையின் உட்புறமும் கருத்துப்போயிருக்கும். நகரத்தில் விலைகொடுத்து வாங்கப்படும் நிறம் இங்கு விலையின்றிப் படிகிறது. ஆனால் மூச்சுக்குழலிலும் படிகிறது. விறகு முதலிய எரிபொருள்களால் வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசு, 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் உயிரிழப்புகளுக்குக் காரணமாயிற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டம் நாடெங்கும் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பைக் கொண்டு சேர்த்தது உண்மை. எனினும் தீர்ந்த உருளையை மீண்டும் நிரப்பப் பணம் வேண்டும்; நிரப்பிய உருளை மலைப்பாதையில் ஏறி வரவும் வேண்டும். கூலி நின்றுபோன தோட்டத்தில் விறகடுப்பு அணைவதில்லை. அந்த அடுப்பின் முன் அமர்பவர் யார் என்பதும் வெளிப்படை. பகலெல்லாம் கூடையைச் சுமந்த பெண்ணுக்கே காலையிலும் மாலையிலும் இரண்டாவது பணிநேரம் அங்கே காத்திருக்கிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் தேவையான குடியிருப்பை வழங்குவதையும் பராமரிப்பதையும் முதலாளியின் கடமையாக்கியது. 1981ஆம் ஆண்டுத் திருத்தம், அவ்வாறு வழங்கப்பட்ட வீடு இடிந்து விழுந்து எவரேனும் இறந்தாலோ காயமுற்றாலோ, இயற்கைப் பேரிடரோ குடியிருப்போரின் தவறோ மட்டும் காரணமாக இல்லாதபோது முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்று சேர்த்தது. கூரை தலைமேல் விழுவதைச் சட்டம் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தது என்பதே லயங்களின் நிலைக்குச் சான்று. ஆனால் வீட்டின்மீது உடைமையுரிமை எதனையும் அச்சட்டம் தொழிலாளிக்குத் தரவில்லை. அடுக்களை எவ்வாறு இருக்கவேண்டும் என்பதை வீட்டைப் பற்றிய அதன் பிரிவு எடுத்துரைக்கவுமில்லை.

அச்சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்ட 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 92ஆம் பிரிவு, தோட்டத் தொழிலாளிக்குத் தரவேண்டிய குடியிருப்பில் குடிநீர், அடுக்களை, கழிப்பறை ஆகியவை அடங்கும் என்று வெளிப்படையாகக் கூறுகிறது. நான்கு தொழிலாளர் தொகுப்புகளையும் தொழிற்சங்கங்களும் அன்றைய கேரள அரசும் வேறு பல காரணங்களுக்காக எதிர்த்தன. அவ்விவாதம் முக்கியமானது, தனியே நடத்தத்தக்கது. இங்குக் கவனிக்கவேண்டியது ஒன்றே. அடுக்களை என்னும் சொல் சட்டத்துக்குள் வந்துவிட்டது; அதன் பொருள் இன்னும் வரவில்லை. அதை விதிகளில் எழுதும் பொறுப்பு மாநில அரசுகளிடம் விடப்பட்டுள்ளது. விதி எழுதுவோர் ‘அடுக்களை ஒன்று’ என்று மட்டும் எழுதிவிட்டால், இன்றிருக்கும் புகைமண்டிய மூலையே சட்டப்படியான அடுக்களையாகிவிடும்.

சொல்லின் வரலாறு இங்குச் சிறிது உதவும். சங்க இலக்கியம் சமையல் நடக்கும் இடத்தை அட்டில் என்கிறது. ‘அடு’ என்றால் சமைத்தல், ‘இல்’ என்றால் வீடு. வீட்டுக்குள் ஒரு வீடாக, தனக்கென இடமுடைய ஒன்றாகவே அது எண்ணப்பட்டது. அதே வேரினின்று கிளைத்த அடுப்பு என்பதோ வெறும் கருவியின் பெயர். தென் தமிழகத்திலும் மலையாளத்திலும் வழங்கும் அடுக்களை அட்டிலைப் போல இடத்தின் பெயர். இடத்தைத் தரவேண்டிய கடமை அடுப்பைத் தருவதோடு முடிந்துவிடாது. மற்றொரு சொல்லும் நினைக்கத்தக்கது. வரிசை வீடுகளைக் குறித்த ஆங்கிலச் சொல்லே திரிந்து கேரளத்தில் லயம் என்றும் இலங்கை மலையகத்தில் லயன் என்றும் ஆயிற்று. இப்பெயர் வசிப்பவரைக் குறிப்பதன்று. மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரிந்த வடிவத்தைக் குறிப்பது. ஆள்களை வரிசையில் நிறுத்துவதுபோல வீடுகளையும் நிறுத்திய பார்வையில் அடுக்களை தனியே தென்பட வாய்ப்பில்லை.

தொழிலாளர் வீட்டு அடுக்களை சிறியதாகத்தான் இருக்கும், அதில் என்ன திருத்தம் செய்துவிட முடியும் என்று கேட்கலாம். 1926ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரம் இதற்கு விடை கண்டது. நகராட்சியின் வீட்டுவசதித் திட்டத்துக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த சமையலறை ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமே உடையது. பெண்ணின் ஒவ்வொரு நடையும் கையசைவும் அளந்து பார்க்கப்பட்டது. மாவுப் பெட்டிகள் புழு அண்டாத ஓக் மரத்தாலும், நறுக்கும் பலகை கத்திக்கீறலைத் தாங்கும் பீச் மரத்தாலும் அமைந்தன. சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. ஒருவர் மட்டுமே நின்று வேலைசெய்யக்கூடிய அவ்வறை பெண்ணைத் தனிமைப்படுத்தியது என்னும் விமர்சனம் பின்னர் எழுந்தது; அது நியாயமானதே. ஆயினும் மரத்தின் வகையைக்கூட எண்ணிப் பார்க்கும் அளவுக்குச் சாதாரண மக்களின் அடுக்களை ஒரு பொதுநிர்வாகத்தின் அக்கறைக்கு உரியதாக இருந்தது. அந்த அக்கறைக்குப் பெரிய இடம் தேவைப்படவில்லை.

மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, கூரை ஒழுகும்போது அலமாரி எதற்கு என்பது. 2020 ஆகஸ்டில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் இரவில் நிலச்சரிவு லயங்களை மூடி 70 பேரின் உயிரைப் பறித்ததை அறிந்த எவரும் பாதுகாப்பான இடமும் உறுதியான கூரையும் முதலில் வேண்டும் என்பதை மறுக்கமாட்டார். ஆனால் கூரையைப் பிரிக்கும் அதே நாளில் புகைபோக்கிக்கு வழிவிடுவது சிறு செலவு. கூரையை மூடிய பின் அதைத் திறப்பது பெருஞ்செலவு.

இரண்டாவது, மூடிக்கிடக்கும் தோட்டத்தில் கடமை யாருடையது என்பது. சட்டம் முதலாளியைச் சுட்டுகிறது. முதலாளி கைவிட்ட இடத்தில் அச்சுட்டல் வெற்றிடத்தை நோக்குகிறது. கேரள அரசு அண்மை ஆண்டுகளில் லயங்களைச் செப்பனிட வரவு செலவுத் திட்டத்தில் நிதி ஒதுக்கியது, அந்த வெற்றிடத்தை அரசே ஓரளவு ஒப்புக்கொண்டதன் அடையாளம். பொதுப்பணம் செல்லும் இடத்துக்கு அடுக்களையின் தரமும் உடன்செல்லவேண்டும்.

மூன்றாவது, இவர்கள் என்றேனும் வெளியேறவேண்டியவர்களே என்பது. இதுவே மிகக் கடுமையானது. அகத்தியமலையின் மறுபுறம், திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் 2024இல் தோட்டம் மூடப்பட்டபோது, வேலையோடு வீடும் போகும் என்பதைத் தலைமுறைகள் கண்முன் கண்டன. பணிக்கொடை என்பது ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் தொழிலாளி ஈட்டிவிட்ட பணம். அதைக் கொடுக்காமலே ஒருவரைத் தற்காலிகக் குடியிருப்பாளர் என்றழைத்து, தற்காலிகம் என்பதாலேயே நல்ல அடுக்களை வேண்டாம் என்று கூறுவது கடனைத் திருப்பித் தராதவன் கடன் கொடுத்தவரின் பொறுமையைக் குறைகூறுவதை ஒக்கும்.

ஆகவே விதிகளில் அடுக்களை என்பதன் பொருள் சில வரிகளிலேனும் எழுதப்படவேண்டும். படுக்கும் இடத்திலிருந்து சுவரால் பிரிக்கப்பட்ட தனியறை. வெளிப்புறம் திறக்கும் சன்னல். கூரைக்கு மேல் புகையைக் கொண்டுசெல்லும் புகைபோக்கி. நின்று சமைக்கும் உயரத்தில் மேடை. கழிவுநீர் வெளியேறும் வாயுடைய தொட்டி. ஈரம் தாங்கும் மரத்தாலோ ஒட்டுப்பலகையாலோ ஆன, எலி புகாத மூடிய அலமாரி. நிலத்தொடர்புள்ள 16 ஆம்பியர் மின்னிணைப்பு ஒன்று. இவற்றோடு எட்டாவதாக ஓர் உரிமையும் வேண்டும். குடியிருப்போர் தம் செலவில் அடுக்களையில் செய்யும் திருத்தங்களுக்கு எவரிடமும் இசைவு கேட்கவேண்டியதில்லை; வெளியேறும் நாளில் அத்திருத்தங்களின் மதிப்பு அவர்களுக்கு ஈடுசெய்யப்படும். சுவரில் ஆணி அடிக்கும் துணிவு இந்த எட்டாவது வரியிலிருந்தே பிறக்கும்.

இலங்கை மலையகத்தில் இந்திய உதவியுடன் கட்டப்படும் வீடுகள் நிலத்தோடு தனித்தனியே தரப்படுகின்றன. லயனிலிருந்து தனிவீட்டுக்கு மாறுவதே இறுதி இலக்காக இருக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. போனக்காட்டிலும் அந்த இலக்கு கைவிடப்படலாகாது. அதுவரையிலான காலம் அங்கு ஏற்கெனவே நீண்டுவிட்டது. அக்காலம் முழுவதும் நாள்தோறும் இருவேளை அடுப்பு எரிகிறது.

தொழிலாளர் சட்டம், கட்டடக்கலை, பொதுச் சுகாதாரம், மொழியியல் ஆகிய துறைகளில் ஆய்வு செய்வோருக்கு இதில் உடனடிப் பணி உண்டு. போனக்காட்டு லயங்களின் அடுக்களைகளை அளந்து, வரைந்து, அங்குச் சமைக்கும் பெண்கள் கேட்பதை அவர்கள் சொற்களிலேயே பதிந்து, விதி எழுதுவோரின் மேசைக்குக் கொண்டுசேர்ப்பது ஒரு பருவத்துக்குள் முடியக்கூடிய களப்பணி. பேய் பங்களாவுக்குச் செல்லும் அதே பேருந்தில் செல்லலாம்.